பானைப் பிள்ளை: சண்டை மீனை வீட்டில் வளர்ப்பது பற்றி

வண்ண மீன் கடைகளில் எல்லா மீனுக்கும் தொட்டி உண்டு, ஒரு மீனைத் தவிர. கல்லாவுக்குப் பக்கத்தில், பலகையின்மேல், கையடக்கமான கண்ணாடிப் புட்டிகளில் அது தனித்தனியாக நிற்கும். புட்டிக்கும் புட்டிக்கும் நடுவே ஓர் அட்டைத் துண்டு செருகியிருக்கும். வாங்க வந்தவர் அருகில் வந்ததும் கடைக்காரர் அந்த அட்டையை உருவுவார். அடுத்த நொடியே இரண்டு மீன்களும் வால் விரித்து, செவுள் மூடிகளைத் தூக்கி, அவற்றின் கீழே கருத்த சவ்வு தாடிபோலப் புடைக்க, கண்ணாடியில் வந்து முட்டும். நிறம் இரண்டு மடங்கு ஏறிவிடும். பார்ப்பவர் மயங்கிப்போவார். "இதற்கு மோட்டார் வேண்டாம், பெரிய தொட்டி வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும்" என்பார் கடைக்காரர்.

என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஒன்றரை லிட்டர் பிடிக்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அந்த நீல மீன் மூன்று மாதம் இருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. கடைக்காரர் என்னை ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதி உண்மை எங்கிருந்து வந்தது, மீதிப் பாதி எங்கே விடுபட்டது என்று தேடப் போய்த்தான் இந்த மீனைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது.

முதலில் மூச்சு. சண்டை மீனைக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது நேராக மேலே வந்து, நீர்மட்டத்தில் வாயை ஒட்டி ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். பழைய காற்று செவுள் இடுக்கில் சிறு குமிழாக வெளியேறும். அதன் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்புத் தகடுகள் இருக்கின்றன. அவற்றின்மேல் ரத்த நாளங்கள் நிறைந்த தோல் போர்த்தியிருக்கிறது. லாபிரிந்த் உறுப்பு என்று இதற்குப் பெயர். விழுங்கிய காற்றிலிருந்து உயிர்வளியை நேரடியாக ரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் அறை இது. வளர்ந்த சண்டை மீனுக்கு இது கட்டாயத் தேவை. மேலே வர விடாமல் வலை போட்டுத் தடுத்தால், மீனாக இருந்தும் அது மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

தமிழர்களுக்கு இந்த உறுப்பு புதிதில்லை. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் இருக்கும் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான். 1791 இல் தரங்கம்பாடியில், டேனிஷ் பணியில் இருந்த டால்டார்ஃப் என்பவர், ஒரு பனைமரத்தில் நீர்மட்டத்துக்குச் சில அடி மேலே அந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். மீன் மரமேறுமா என்று ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். ஏறுவது ஒருபுறம் இருக்கட்டும், தண்ணீருக்கு வெளியே அவ்வளவு நேரம் உயிரோடு இருந்ததற்குக் காரணம் இந்த மடிப்பறைதான். புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்துப் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே 1831 இல் பெயர் சூட்டிய ஒரு சிறு மீனும் சண்டை மீனின் குடும்பம்தான். அதன் அறிவியல் பெயரில் இருக்கும் 'குபானஸ்' என்ற சொல் அந்த ஆற்றைக் குறிப்பது. சண்டை மீனைப் போலவே அதுவும் முட்டைகளுக்காகக் குமிழ்களால் நுரைக்கூடு கட்டும். சண்டை மீனின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் நம் ஊர்ச் சேற்று நீரிலேயே இருக்கிறான் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இந்த உறுப்பு எதற்காக வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளத் தாய்லாந்துக்குப் போக வேண்டும். சாவோ பிரயா ஆற்றுப் படுகையின் நெல்வயல்கள், சதுப்புகள், புல் மண்டிய வாய்க்கால்கள்தான் சண்டை மீனின் தாய்வீடு. ஆழம் குறைவு, வெப்பம் அதிகம், இலைதழை அழுகிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட நீரில் உயிர்வளி மிகக் குறைவாகத்தான் கரைந்திருக்கும். செவுளை மட்டும் நம்பிய மீன் அங்கே பிழைக்காது. மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தது பிழைத்தது. கடைக்காரர் சொன்ன "மோட்டார் வேண்டாம்" இங்கிருந்துதான் வருகிறது. காற்றுக் குமிழி விடும் மோட்டார் இல்லாவிட்டாலும் இந்த மீன் மூச்சுவிடும். உண்மை.

ஆனால் வயல் ஆழமில்லாதது என்பதற்காக அது சிறியது என்று ஆகிவிடாது. கணுக்கால் அளவு தண்ணீர் ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்கும் இடம் அது. ஓர் ஆண் மீன் நாற்றுகளுக்கு இடையே தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, அங்கே நுரைக்கூடு கட்டி, மற்ற ஆண்களை விரட்டும். விரட்டப்பட்டது ஓடிப்போகும். அதோடு சண்டை முடிந்தது. தோற்ற மீனுக்கு ஓட இடம் இருந்ததால்தான் இயற்கையில் இந்தச் சண்டை பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டு, நான்கு சுவருக்குள் இரண்டையும் அடைத்தபோது மனிதனுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது.

தாய்லாந்து மொழியில் இந்த மீனின் பெயர் பிளா காட். கடிக்கும் மீன் என்று பொருள். வயலில் பிடித்த மீனை 'லூக் துங்' என்பார்கள், வயலின் பிள்ளை. சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததை 'லூக் மோ' என்பார்கள், பானையின் பிள்ளை. நல்ல சண்டைக்காரனைப் பானையில் தனியே வைத்து, அதன் குஞ்சுகளில் மறுபடி நல்லதைத் தேர்ந்து, இப்படியே போயிருக்கிறது. எத்தனை காலமாக என்பதற்கு மரபணு ஆய்வு விடை தந்தது. 2022 இல் வெளியான ஆய்வு ஒன்று, மனிதன் இந்த மீனைப் பழக்கத் தொடங்கிக் குறைந்தது 1000 ஆண்டுகள் ஆகின்றன என்று கணித்தது. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த காலத்திலேயே சியாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், எங்கோ ஒரு வீட்டு முற்றத்தில் ஒருவர் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கக்கூடும்.

மேற்கு நாட்டு அறிவியலுக்கு இது வந்து சேர்ந்ததும் அரண்மனைச் சுற்றுவட்டாரத்திலிருந்துதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த தியோடர் கேன்டர் என்ற டேனிஷ்காரருக்கு 1840 வாக்கில் சியாமிலிருந்து இந்த மீன்கள் சில கிடைத்தன. அவர் 1849 இல் இதைப் பற்றி எழுதினார். ஆனால் வைத்த பெயரில் குழப்பம் நேர்ந்தது. 1910 இல் பிரிட்டன் மீனியல் அறிஞர் சார்லஸ் டேட் ரீகன் அதைச் சரிசெய்து 'பெட்டா ஸ்பிளென்டன்ஸ்' என்று பெயரிட்டார். ஸ்பிளென்டன்ஸ் என்றால் ஒளிர்வது. தாய்லாந்து அரசு 2019 பிப்ரவரியில் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

சண்டைக்கு வளர்த்த மீன் எப்போது அழகுக்கு வளர்க்கும் மீனானதோ, அப்போது அதன் உடலும் மாறியது. காட்டு மீன் பழுப்பும் மங்கிய பச்சையுமாக, குட்டை வாலோடு இருக்கும்; கோபம் வந்தால் மட்டும் மின்னும். இன்று கடையில் இருப்பவற்றுக்கு அந்த மின்னல் நிரந்தரம். வாலை விரித்தால் 180 பாகை அரைவட்டமாக நிற்கும் 'ஹாஃப்மூன்', வால் கதிர்கள் கிரீடம்போல நீண்டு பிரியும், இந்தோனேசியர்கள் உருவாக்கிய 'கிரவுன்டெயில்', வயதாக ஆகத் தன் நிறத்தையே மாற்றிக்கொள்ளும் 'மார்பிள்' என்று வகைகள் பெருகிவிட்டன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய வாலை இழுத்துக்கொண்டு நீந்துவது அந்த மீனுக்குக் கனத்த வேலை. ஹாஃப்மூன் மீன்கள் ஒரு நீச்சலுக்குப் பிறகு இலைமேல் சாய்ந்து ஓய்வெடுப்பதையும், சில தம் வாலைத் தாமே கடித்துக் குதறுவதையும் வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். முதல் மீன் வாங்குகிறவர்களுக்கு கடைகளில் 'பிளாகாட்' என்றே விற்கும் குட்டை வால் வகையைத்தான் நான் சொல்வேன். அது துறுதுறுவென்று இருக்கும், தொட்டியின் ஒவ்வொரு மூலையையும் போய் விசாரித்துவிட்டு வரும்.

இனி அந்த விடுபட்ட பாதி. காற்றை மேலிருந்து குடிக்கிற மீனுக்கும் செவுள் உண்டு, அந்தச் செவுள் நாள் முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கிறது. மீன் தின்ற புரதத்தின் கழிவு அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேறுகிறது. மிஞ்சிய தீனியும் எச்சமும் அழுகி மேலும் அம்மோனியா சேரும். ஏக்கர் கணக்கான வயலில் அது கரைந்து மறைந்துவிடும். ஒன்றரை லிட்டர் கிண்ணத்தில் போக இடமில்லை. செவுளின் மெல்லிய இழைகளை அது அரிக்கும். மீன் மந்தமாகும், துடுப்புகளை ஒடுக்கிக்கொள்ளும், ஓரங்கள் கருகியதுபோல ஆகும், பிறகு துடுப்பு அழுகல் வரும். லாபிரிந்த் உறுப்பு மீனை உயிர்வளிப் பஞ்சத்திலிருந்து காப்பாற்றும், நஞ்சிலிருந்து காப்பாற்றாது. வேறு மீனாக இருந்தால் அந்தக் கிண்ணத்தில் இரண்டு நாளில் செத்து, தவறு தெரிந்துவிடும். சண்டை மீன் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. அது தாக்குப்பிடிப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கு அது போதும் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம்.

பானையில் வளர்ந்த மீன்தானே என்று கேட்கலாம். தாய்லாந்தில் நகோன் பத்தோம் போன்ற இடங்களின் பண்ணைகளில் இன்றும் ஆயிரக்கணக்கான மீன்கள் தனித்தனிப் புட்டிகளில்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அது விற்பனைக்கு அனுப்பும்வரை வைக்கும் இடம். ஒரு மீன் மூன்று நான்கு ஆண்டு வாழப்போகும் வீட்டுக்கு அது முன்மாதிரி ஆகாது.

நம் வீடுகளில் நடக்கும் இன்னொரு தவறு, நல்லெண்ணத்தில் நடப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீனைக் குவளையில் எடுத்து வைத்துவிட்டு, தொட்டியை முழுக்கக் கவிழ்த்து, கூழாங்கல்லைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி மீனை விடுவார்கள். பார்க்கக் கண்ணாடிபோல இருக்கும். ஆனால் அந்தக் கூழாங்கல்லின் வழவழப்பில்தான் தொட்டியின் உயிரே இருந்தது. நைட்ரசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறு சில அந்த நைட்ரைட்டை, அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்தப் படை ஒரு புதிய தொட்டியில் குடியேறி நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வாரந்தோறும் தேய்த்துக் கழுவுகிறவர் வாரந்தோறும் அதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். குழாய் நீரின் குளோரின் மிச்சத்தையும் முடித்துவிடும்.

செய்ய வேண்டியது இதைவிட எளிது. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மட்டும் ஒரு குழாயால் அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, அதே அளவு, அதே வெப்பத்தில் உள்ள, குளோரின் நீக்கிய தண்ணீரை மெல்ல ஊற்றினால் போதும். முதல் நாளே வாளியில் பிடித்து வைத்தால் சாதாரண குளோரின் பறந்துவிடும். குளோரமின் கலந்த நீரானால் பறக்காது, கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கித் துளிகள் வேண்டும். தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் அழுக்கேறினால் தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய நீரிலேயே பிழிந்து விடுங்கள். குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீரின் காரத்தன்மை ஏற ஏற அம்மோனியாவின் நச்சு வடிவம் கூடும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 இல் இருப்பதைவிட 8 இல் அது ஏறத்தாழ 10 மடங்கு. சண்டை மீன் 6.5 முதல் 7.5 வரை விரும்பும் என்றாலும், சற்றுக் கடினமான நீருக்கும் பழகிவிடும். அதனால் பிஎச்சைக் குறைக்க மருந்துகளைக் கொட்டி அலைக்கழிக்க வேண்டாம். தண்ணீர் ஒரே சீராக இருப்பதும், அம்மோனியா சேராமல் இருப்பதும்தான் முக்கியம்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் இருந்தால் சுமார் 25 லிட்டர் பிடிக்கும். ஒரு மீனுக்கு அது நல்ல வீடு. 20 லிட்டருக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. உயரமான தொட்டியைவிட அகலமானது மேல், ஏனென்றால் மூச்சுக்கு மூச்சு அது மேலே ஏறி வர வேண்டும். மூடி கட்டாயம், இந்த மீன் தாவும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டால் அங்கே நிற்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். இப்போது மோட்டார் வேண்டுமா என்றால், வேண்டும். மீன் மூச்சுவிட அல்ல, ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாக்களுக்குத் தண்ணீர் ஓட. ஓட்டம் மெதுவாக இருக்கட்டும். பெரிய வால் மீன் சுழலில் சிக்கினால் களைத்துப்போகும்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி. சென்னை, மதுரை போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டரே தேவைப்படாது. ஆனால் படுக்கையறையில் தொட்டி வைத்திருப்பவர்கள் ஏசியை மறந்துவிடுகிறார்கள். இரவு முழுக்க அறை 22 இல் இருந்து, பகலில் 32க்கு ஏறினால் மீன் நாள்தோறும் ஒரு குளிர்காலத்தையும் ஒரு கோடையையும் தாங்க வேண்டியிருக்கும். தொட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் சிறிய ஹீட்டர் ஒன்றைப் போடுங்கள். ஊட்டி, கொடைக்கானலில் ஹீட்டர் இல்லாமல் இந்த மீனை வாங்கவே கூடாது.

நாட்டு வாதுமை இலையைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் தெருக்களில், பள்ளிக்கூட மைதானங்களில் குடைபோல அடுக்கடுக்காக நிற்குமே, அந்த மரம்தான். தாய்லாந்தில் இதை 'ஹூ குவாங்' என்கிறார்கள், மான் காது. மரத்திலேயே பழுத்துச் சிவந்து, உதிர்ந்து, காய்ந்த சருகைக் கழுவித் தொட்டியில் போட்டால் இரண்டொரு நாளில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நீரைச் சற்றே அமிலமாக்கும். கிருமிகளையும் ஓரளவு மட்டுப்படுத்தும். அதைவிட, அந்த மங்கிய நீரில் மீன் அமைதியாக இருக்கிறது, தன் ஊர் வயலில் இருப்பதுபோல. பாக்கெட்டில் அடைத்து விலைக்கு விற்கிறார்கள். மருந்தோ வண்டிப்புகையோ அதிகம் படாத மரம் அருகில் இருந்தால் கீழே குனிந்தால் போதும்.

தீனியில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது பூச்சி தின்னும் மீன். கொசுப்புழு, தண்ணீர்ப்பூச்சி, ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால், புரதம் மிகுந்த சிறு உருண்டைத் தீனி, இவைதான் அதன் உணவு. சோறும் ரொட்டியும் கூடாது. காலையில் இரண்டு மூன்று உருண்டை, மாலையில் இரண்டு மூன்று. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. கைக்கு வந்து வாங்கித் தின்கிறதே என்று அள்ளிப் போட்டால் வயிறு உப்பி நீந்த முடியாமல் தத்தளிக்கும். செதில்கள் சிலிர்த்துக்கொண்டு நின்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள், அதன் பிறகு பெரும்பாலும் மீளாது. துடுப்புக் கிழிசல் சுத்தமான தண்ணீரிலேயே ஆறிவிடும். உடனே மருந்துக்கு ஓட வேண்டியதில்லை.

தனியாக இருந்தால் பாவம் என்று துணைக்கு இன்னொன்று வாங்காதீர்கள். ஆணோடு ஆணைச் சேர்க்கவே கூடாது. பெண்ணையும் கூடவே வைத்திருக்க முடியாது. கண்ணாடியைக் காட்டி அது சீறுவதைப் பார்ப்பது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்றால் பரவாயில்லை. நாள் முழுக்கத் தன் பிம்பத்தோடு போராட விடுவது வதை. பணத்துக்கும் வேடிக்கைக்கும் மீன்களை மோதவிடுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்பது மனிதரல்லாத எந்த உயிரையும் குறிக்கும். வேடிக்கைக்காக அவற்றைச் சண்டைக்குத் தூண்டுவதை அந்தச் சட்டம் குற்றமாகச் சொல்கிறது. மீனும் அதில் அடக்கம்.

சண்டை என்ற பெயரால் இந்த மீனுக்கு இன்னொரு அநியாயமும் நடந்திருக்கிறது. அது எதற்காகச் சண்டை போடுகிறதோ அதை நாம் பார்ப்பதே இல்லை. வயது வந்த ஆண், பெண் பக்கத்தில் இல்லாவிட்டாலும், மேலே வந்து காற்றை வாய்க்குள் வாங்கி, எச்சிலில் பொதிந்து, ஒவ்வொரு குமிழாக இலைக்கடியில் ஒட்டும். மணிக்கணக்கில் இதே வேலை. காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி மூலையில் பால் நுரைபோல ஒரு திட்டு மிதக்கும். பெண் வந்தால் அந்தக் கூட்டின் கீழேயே ஆண் தன் உடலை வளைத்து அவளைச் சுற்றி அணைக்கும். இருவரும் சில நொடிகள் அசைவற்றுப் போவார்கள். வெண்ணிற முட்டைகள் ரவைபோல உதிரும். முதலில் சுதாரித்துக்கொள்வது ஆண்தான். பாய்ந்து கீழே போய், விழும் முட்டைகளை வாயில் பொறுக்கி, மேலே கொண்டுவந்து ஒவ்வொரு குமிழிலும் செருகும். இப்படிப் பலமுறை, மொத்தம் சில நூறு முட்டைகள். முடிந்ததும் பெண்ணை விரட்டிவிடும். அப்போதே அவளை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் கடிபட்டுச் சாவாள்.

அதன் பிறகு ஒன்றரை நாள் அந்த ஆண் சரியாகச் சாப்பிடாது. உடைந்த குமிழுக்குப் பதில் புதுக் குமிழ் வைத்துக்கொண்டே இருக்கும். குஞ்சு பொரிந்ததும் வால் கீழே தொங்க நூல்போல நுரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அவை, ஒவ்வொன்றாக நழுவி விழும். தகப்பன் கீழே போய் வாயில் கவ்வி வந்து மறுபடி நுரையில் துப்பும். விழும், எடுத்து வரும். குஞ்சுகள் தாமே கிடையாக நீந்தத் தொடங்கும்வரை, இரண்டு மூன்று நாள், ராப்பகலாக இந்த வேலை நடக்கும். குஞ்சுகளுக்கு லாபிரிந்த் உறுப்பு உருவாகச் சில வாரம் ஆகும். அதுவரை அவை செவுளால் மட்டுமே மூச்சுவிடும். அந்த உறுப்பு உருவாகி, அவை மேலே வந்து காற்றைக் குடிக்கத் தொடங்கும் நாட்களில் தொட்டி மூடியைத் திறந்து போடாதீர்கள், குளிர்காற்று அவற்றுக்கு ஆகாது.

என் வீட்டில் இப்போது இருப்பது செம்பழுப்பு நிறத்தில் ஒரு குட்டை வால் மீன். ஓர் அடித் தொட்டியில், ஜாவா ஃபெர்ன் செடிக் கொத்துக்கும் ஒரு வாதுமைச் சருகுக்கும் நடுவே இருக்கிறது. இரவு விளக்கை அணைத்த பிறகு டார்ச்சை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தால், அந்தச் சருகின் மடிப்பில் உடலைச் சாய்த்து, நிறம் மங்கித் தூங்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்து மேலே போய், ஒரு வாய் காற்று குடித்துவிட்டு, திரும்ப அதே மடிப்புக்கு வந்து சாய்ந்துகொள்ளும்.